நோட்டு ஓரத்தில் ஓடிய குச்சி மனிதன்

கேள்வி: எனக்கு வயது 31. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் கணக்கு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் குச்சி மனிதனை வரைந்து, விர்ரென்று புரட்டி ஓட வைப்பேன். அனிமேட்டர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. "முதலில் ஒரு நிலையான வேலை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அம்மா. அந்த அப்புறம் வரவேயில்லை. இந்த ஏழு வருடக் கணக்கு அனுபவமும் வீண் என்றே தோன்றுகிறது. இப்போது வேலையை விட்டுவிட்டு ஒரு வருடப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். காலம் கடந்துவிட்டதா? அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்: காலம் கடக்கவில்லை. ஆனால் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால், இப்போதைக்கு அதை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

வயது பற்றிய பயத்துக்கு வழக்கமாக ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியை உதாரணம் காட்டுவார்கள். அவர் கல்லூரியில் படித்தது அரசியலும் பொருளாதாரமும். முதல் முழுநீளப் படத்தை இயக்கி வெளியிட்டபோது வயது 38. எல்லாம் உண்மைதான். ஆனால் 1963-ல் தோயி ஸ்டுடியோவில் சேர்ந்ததிலிருந்து 1979-ல் அந்தப் படம் வரும்வரை, 16 வருடம் அவர் அனிமேஷன் வேலையிலேயேதான் இருந்தார். உங்கள் கணக்கு வேறு. கை பல வருடமாகச் சும்மா இருந்திருக்கிறது. உங்களைத் தடுக்கப்போவது 31 என்ற எண் அல்ல, அந்த இடைவெளிதான். இடைவெளி என்றால் சரிசெய்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட சொல் ஒன்று உண்டு. "குச்சி மனிதனை வரைவேன்" என்பதோடு நீங்கள் நிறுத்தவில்லை, "ஓட வைப்பேன்" என்று முடித்திருக்கிறீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "நான் நன்றாகப் படம் வரைவேன், அதனால் அனிமேட்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒருவர் கொண்டுவந்த கோப்பில் நாற்பது ஓவியங்கள், ஒவ்வொன்றும் அழகு, ஆனால் எல்லாரும் போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள். அவருக்குப் பொருத்தமான இடம் பாத்திர வடிவமைப்பு. "படம் பார்த்த நாளெல்லாம் முடிவை மாற்றி மாற்றி யோசிப்பேன்" என்று சொல்கிறவர் ஸ்டோரிபோர்டு பக்கம் போகலாம், அதாவது கதையைக் காட்சி காட்சியாக வரைந்து அடுக்கும் வேலை. பொம்மையைப் பிரித்து உள்ளே எது எதை இழுக்கிறது என்று பார்த்த பிள்ளைக்கு ரிக்கிங் பிடிக்கும், அதாவது பாத்திரத்துக்கு எலும்பும் மூட்டும் பொருத்தும் வேலை. இவை போக மாடலிங், லைட்டிங், எஃபெக்ட்ஸ், கம்பாசிட்டிங் என்று இன்னும் பல பிரிவுகள் உண்டு. குழந்தைக்கு இத்தனையும் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே சொல் "அனிமேட்டர்". அதனால் கனவுக்குத் திரும்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த வயதில் எந்த நொடியில் உங்களுக்குச் சிலிர்த்தது என்பதைத்தான். நான் கேட்காமலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். குச்சிக்குக் கை கால் சரியாக இருந்ததா என்பது உங்களுக்குப் பொருட்டாகவே இல்லை. அது ஓடியது, அவ்வளவுதான். அனிமேட்டரின் வேலையும் அதுதான்.

அப்படியானால் படிப்பில் சேருவதற்கு முன்னால் ஒரு பந்தைக் குதிக்க வையுங்கள்.

கேலி செய்யவில்லை. இந்தத் துறையில் எல்லாரும் தொடங்கும் பயிற்சி அது. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம். வரைந்த ஒரு படத்தையே அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும்; கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலிருந்து விடப்பட்ட பந்து தரையைத் தொட ஏறக்குறைய அரை நொடி ஆகும், அதாவது 12 ஃபிரேம். முதல் 6 ஃபிரேமில் அது மொத்த உயரத்தில் கால் பங்குதான் இறங்கியிருக்கும். மிச்ச முக்கால் பங்கையும் அடுத்த 6 ஃபிரேமில் கடந்துவிடும். ஆகவே மேலே வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாகவும், கீழே வரவர விலகியும் இருக்க வேண்டும். இடைவெளியைச் சமமாகப் போட்டுப் பாருங்கள்: பந்து விழாது, யாரோ கயிறு கட்டி இறக்குவதுபோல் இருக்கும். பிறகு தரையில் பட்ட அந்த ஒரு ஃபிரேமில் மட்டும் கொஞ்சம் தட்டையாக்குங்கள். எழும்போது சற்று நீட்டுங்கள். ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிடத் தாழ்வாகவும், சீக்கிரம் முடிவதாகவும் இருக்கட்டும்.

அது சரியாக வந்ததும், வட்டத்தின் அளவை மாற்றாமல் அதையே இரும்புக் குண்டாக்குங்கள். அடுத்து பலூனாக்குங்கள். கோடு ஒன்றுதான். மாறுவது இடைவெளியும் நேரமும் மட்டுமே. அந்த வட்டத்துக்கு முதல்முறையாகக் கனம் வரும்போது உங்களுக்குப் பழைய நோட்டு ஞாபகம் வருகிறதா என்று பாருங்கள்.

டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதி வைத்த 12 அடிப்படை விதிகளில், நசுங்கலும் நீட்சியும்தான் முதல் விதி. பந்து அதற்கான பாடம். பந்துக்குப் பிறகு ஆடும் ஊசல், அதற்குப் பிறகு கைகால் முகம் எதுவுமில்லாத ஒரு மூட்டை சோர்ந்துபோவதும் துள்ளுவதும், கடைசியாக நடை. சாதாரண நடையில் ஓர் அடிக்குச் சுமார் 12 ஃபிரேம் பிடிக்கும். குதிகால் தரை தொடும் நிலை, எடை இறங்கும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடல் எழும்பும் நிலை என்று நான்கு. கேட்க எளிது. நடை மட்டுமே உங்கள் இரண்டு மாதத்தைச் சாப்பிட்டுவிடும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் 2002-லிருந்து திறந்த மூலம், அதாவது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கையால் வரைந்து ஓட்டுவதற்கான கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் இரண்டும் இலவசம். அதுவும் கைக்கு வரவில்லையென்றால் ஒரு கட்டு ஒட்டுத்தாளும் போன் கேமராவும் போதும்.

ஆறு மாதம், தினமும் ஒரு மணி நேரம். இந்த ஆறு மாதத்தில் உங்களையே கவனியுங்கள். ஆர்வமாக உட்காரும் முதல் வாரத்தை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். ஒரே இரண்டு நொடிக் காட்சியை நாலாவது தடவையாகத் திருத்தும்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. வேலை என்று வந்துவிட்டால் அதுதான் தினசரி. முழுநீளப் படங்களில் ஓர் அனிமேட்டர் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து முடிப்பது பெரும்பாலும் சில நொடிகள்தான். அதையும் இயக்குநர் பார்த்துவிட்டு "கை இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும்" என்பார். திரும்ப முதலிலிருந்து. இதில் எரிச்சலைவிட ஆவல் ஒரு பிடி கூடுதலாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். எரிச்சல்தான் மிஞ்சுகிறது என்றால் அனிமேஷன் படங்களை ரசிக்கும் மனிதராக இருங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை, சம்பளமும் தப்பித்தது.

வேலைச் சந்தையைப் பற்றி இனிப்பாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தத் துறையில் நிறைய வேலை படத்துக்குப் படம் ஒப்பந்தம். படம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். பிக்சார் போன்ற பெரிய அனிமேஷன் ஸ்டுடியோவே 2024 மே மாதம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேரைக் குறைத்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் கைவைப்பது இடைப்படம் (இரண்டு முக்கிய நிலைகளுக்கு நடுவில் வரும் படங்கள்) வரைவது, கோடு சுத்தம் செய்வது போன்ற வேலைகளில். புதிதாக வருகிறவர்கள் உள்ளே நுழையும் வாசலே அவைதான். நடிப்பையும் நேரத்தையும் தீர்மானிக்கிற வேலை அவ்வளவு சுலபத்தில் கைமாறாது என்பது என் கணிப்பு. ஆனால் அங்கே போய்ச் சேரும் படிக்கட்டில் கீழ்ப்படிகள் குறைந்துவருகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2024-ல் வந்த 'ஃப்ளோ' என்ற லாட்வியப் படம் பிளெண்டரில் செய்யப்பட்டு, அடுத்த வருடம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. இதைக் காட்டி "பார், இலவச மென்பொருளே போதும்" என்று யாராவது சொன்னால், அந்த இயக்குநர் 2019-ல் வெளியிட்ட முந்தைய படத்தைத் தன்னந்தனியாகவே செய்து முடித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி அந்த ஒரு வருடப் படிப்பு. கடன் வாங்கிப் படித்துவிட்டு ஒரு பையன் என்னிடம் வந்தான். சான்றிதழில் ஒன்பது மென்பொருள்களின் பெயர். ஷோரீலை, அதாவது தன் காட்சிகளைத் தொகுத்த சிறு வீடியோவை, போட்டுக் காட்டினான். அதே ரோபோ, அதே மேஜை விளக்கு, அதே அறை. அவனுடன் படித்த இன்னொருவனின் ஷோரீலிலும் அதையே பார்த்திருந்தேன். இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கவில்லை, அவர்கள் சோம்பேறிகளும் அல்ல. எனவே சேர்வதற்கு முன் போன வருட மாணவர்கள் ஐந்தாறு பேரின் ஷோரீலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிகிறதா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓர் ஆசிரியர் உங்கள் காட்சியை உட்கார்ந்து திருத்துவார்? அவர் கடைசியாக எந்தப் படத்தில் வேலை செய்தார்? இதற்கெல்லாம் பதில் வராமல் "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்ற பேச்சே வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் ஷோரீல் ஒரு நிமிடம் தாண்ட வேண்டாம். சிறந்த காட்சி முதலில். மூன்று நல்ல காட்சிகளுக்கு நடுவில் ஒரு சுமாரான காட்சி வந்தால் பார்ப்பவர் மனதில் நிற்பது அந்தச் சுமார்தான்.

ஏழு வருடக் கணக்கு அனுபவம் வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஸ்டுடியோக்களில் கால அட்டவணையும் பட்ஜெட்டும் பார்த்துக்கொள்ளத் தயாரிப்பு ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் பழக்கம் அங்கே செல்லுபடியாகும். ஆனால் அந்த வழியாக உள்ளே போய் அனிமேஷன் பிரிவுக்கு மாறிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள், அந்தப் பிரிவு ஷோரீலைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கும். எனக்கு இதைவிடப் பிடித்த யோசனை ஒன்று. காப்பீட்டுக் கிளெய்ம் எப்படி நகர்கிறது என்பது வாடிக்கையாளருக்குப் புரிவதேயில்லை. உங்களுக்கு அது தலைகீழ்ப் பாடம். அந்தப் படிவம் மேஜை மேஜையாகப் போய்ப் பணமாகத் திரும்பி வருவதை 30 நொடியில் ஓட வையுங்கள். யாருடைய விவரமும் அதில் வரக் கூடாது. அலுவலகத்தில் காட்டுவதாக இருந்தால் அதன் உரிமை யாருக்கு என்பதை முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கப் படங்கள் செய்வதும் அனிமேஷன் தொழில்தான். பலர் அதில்தான் நிரந்தரமாகப் பிழைக்கிறார்கள். சினிமா கனவுக்கு முன்னால் அது மட்டமாகத் தோன்றலாம், செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு மாதம் கழிந்தும் கை நிற்கவில்லை என்றால் பணக் கணக்கைப் போடுங்கள்: படிப்புக் காலம் முழுவதற்குமான செலவு, அதற்கு மேல் வேலை தேடும் காலத்துக்கு இன்னும் ஆறு மாதச் செலவு. அது வங்கியில் சேர்ந்த பிறகு டிராயரைத் திறக்கலாம். உங்களுக்குத்தான் இந்தக் கணக்கு அத்துப்படியாயிற்றே.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல எதுவும் இல்லை, ஏனென்றால் நீங்கள் வேலையை விடவில்லை. இரும்புக் குண்டும் பலூனும் தயாரானதும் இரண்டையும் அவர் முன்னால் ஓட விடுங்கள். எது எது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் சொல்லட்டும்.