வண்டியில போற நேரமும் வேலை நேரம்தானே?

கேள்வி: தொழிலாளர் சட்டத்தை மாத்துனா ஃபேக்டரி ஆளுங்களுக்குத்தானே பாதிப்பு? தோட்ட வேலை, வயல் வேலைக்குப் போறவங்களுக்கு அதுல என்ன இருக்கு?

பதில்: நிறைய இருக்குங்க. பிரேசில்ல 2017ல ஒரு பெரிய திருத்தம் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும், பஸ் போகாத இடத்துல தோட்டம் இருந்து முதலாளியே வண்டி வச்சு ஆளுங்களக் கூட்டிட்டுப் போனா அந்தப் பயண நேரமும் வேலை நேரம்னு கணக்கு, அதுக்கும் கூலி உண்டு. திருத்தம் வந்ததும் அது போச்சு. இருட்டோட எழுந்து வெட்டுக்கத்தியோட வண்டி ஏறுற கரும்பு வெட்டுற ஆளுக்கு, போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம்னு வச்சுக்கிட்டா தினமும் ரெண்டு மணி நேரக் கூலி இல்ல. சிட்டியில ஆபீஸ் போறவங்களுக்கு இந்த நஷ்டம் புரியவே புரியாது.

இன்னொண்ணு, ஒரு வருஷத்துக்கு மேல வேலை பாத்தவர நிறுத்துனா செட்டில்மென்ட் கணக்க சங்கமோ லேபர் ஆபீஸோ பாத்து சரின்னு சொல்லணும்னு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் கைநாட்டு வைக்கிற நேரத்துல பக்கத்துல நிக்க ஆள் இல்லாமப் போறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

சங்கங்களுக்கும் அடிதான். சங்கத்துக்குன்னு வருஷத்துக்கு ஒரு நாள் கூலி கட்டாயமா பிடிச்சது இனிமே இஷ்டப்பட்டாதான்னு ஆச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அத சரின்னுடுச்சு. கட்டாயமா பிடிக்கக் கூடாதுன்னு சொல்றதுல நியாயம் இருக்கு, நானும் ஒத்துக்கறேன். ஆனா ஃபேக்டரின்னா கேட்ல நின்னு சந்தா வாங்கிடலாம், எங்கெங்கயோ சிதறிக் கிடக்குற தோட்டத்துல சீசனுக்கு வந்து போறவங்ககிட்ட எப்படி வாங்குவீங்க?

கேள்வி: சங்கம் சேர தனியா சட்டம் வேணுமா? நாலு பேரு ஒண்ணா நின்னா பத்தாதா?

பதில்: நின்னவங்க கதையே சொல்றேன். அமெரிக்காவுல 1935ல சங்கம் சேர உரிமை குடுத்த சட்டம் விவசாயத் தொழிலாளியையும் வீட்டு வேலை பாக்குறவங்களையும் வெளிய விட்டுடுச்சு. 1965ல கலிபோர்னியாவுல டெலானோ திராட்சைத் தோட்டங்கள்ல லாரி இட்லியாங் தலைமையில பிலிப்பினோ தொழிலாளிங்க ஸ்ட்ரைக்க ஆரம்பிச்சாங்க, இன்னொரு விவசாயத் தொழிலாளர் சங்கத்தோட தலைவர் சீசர் சாவேஸோட ஆளுங்களும் சேந்தாங்க, ஒப்பந்தம் கைக்கு வர 1970 ஆயிடுச்சு. அஞ்சு வருஷம்! அப்புறம் 1975ல அந்த மாநிலம் தனிச்சட்டம் போட்டுச்சு. அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, சங்கம் வேணுமா வேணாமான்னு தொழிலாளிங்க ஓட்டு போடுற தேர்தல் வேணும்னு மனு குடுத்தா 7 நாளைக்குள்ள நடத்தணும், அதுவும் வேலை மும்முரமா இருக்கும்போதே, ஏன்னா அறுவடை முடிஞ்சா ஓட்டு போடவேண்டியவங்களே அங்க இருக்க மாட்டாங்க.