வழியில் கார் நின்றுவிட்டால் நடந்தே வீடு சேர

கேள்வி: பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். காங்கேயம் பக்கம் தோட்டத்தில் வீடு. சென்னிமலை வழியாகக் காரில் போய் வருகிறேன். இரண்டாம் ஷிப்ட் என்றால் கிளம்பவே இரவு பத்தரை ஆகிவிடும். கார் பழுதாகி, போனும் அணைந்து, வேறு வண்டியும் கிடைக்காமல் போனால் நடந்தே வீடு சேருவதற்குக் காரில் எவற்றை வைத்திருக்க வேண்டும்?

பதில்: காருக்கு வேண்டிய சாமான்களையும் நடப்பவருக்கு வேண்டிய சாமான்களையும் முதலில் பிரித்துவிடுங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, இழுவைக் கயிறு எல்லாம் காரோடு நின்றுவிடும். உங்களோடு வரப்போவது தோளில் மாட்டும் ஒரு பை மட்டுமே. அதன் எடை தண்ணீரோடு சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. சுமையோடு இரவில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பதே நல்ல வேகம் என்பதால், பாதி வழியில் கார் நின்றால்கூட நான்கு மணி நேர நடை இருக்கிறது. கையில் தொங்கும் கட்டைப்பை இதற்கு உதவாது. இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும்.

பையில் எது இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம், காலணி சரியில்லாவிட்டால் முடியாது. வேலைக்கு அணியும் தோல் ஷூவோ ஹவாய் செருப்போ இந்தத் தூரத்துக்குத் தாங்காது. சாலையோரத்துச் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். இதற்கென்று புது ஷூ வாங்கி வைப்பதும் தவறு, பழகாத ஷூ முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் குதிகாலை உரித்துவிடும். ஏற்கெனவே அணிந்து பழகிய, அடிப்பாகம் தேயாத ஷூ ஒரு ஜோடியும், காலுறை இரண்டு ஜோடியும் காரிலேயே இருக்கட்டும். நடக்கும்போது குதிகாலிலோ விரலிடுக்கிலோ எரிச்சல் தொடங்கினால், வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அங்கேயே உட்கார்ந்து காலைத் துடைத்து, எரியும் இடத்தில் மருந்துக்கடைகளில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காலுறையை மாற்றுங்கள். கொப்புளம் எழுந்த பிறகு ஒட்டுவதில் பாதிப் பயன்கூட இல்லை.

தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் பாட்டிலை மாதக்கணக்கில் போட்டுவைக்காமல், எவர்சில்வர் பாட்டிலில் தினமும் காலையில் புதிதாக நிரப்பிக்கொள்ளுங்கள். ஈரோடு, கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் பகலில் நடக்க நேர்ந்தால் வியர்வையோடு உப்பும் போய்விடும் என்பதால் ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு வையுங்கள். பொட்டலத்தில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைத்துக் குடிக்க வேண்டும், சிட்டிகை சிட்டிகையாகப் போடக் கூடாது. தின்பதற்குக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பொரிகடலை போதும். கடலை சிக்கடித்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை, அமாவாசையன்று என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். பவர் பேங்கைக் காரில் விட்டுவைக்காதீர்கள், பூட்டிய காரின் சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. சாப்பாட்டுப் பையோடு தினமும் வந்து போகட்டும்.

இரவு நடைக்குத் தலையில் மாட்டும் டார்ச்சும், ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்த மேல்சட்டையும் கட்டாயம். எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடக்க வேண்டும். குடை ஒன்று மழைக்கும் வெயிலுக்கும் தெருநாய்க்கும் உதவும்.

உள்ளூர்க்காரர் என்பதால் கொறங்காட்டுக்குள் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்துக்குள்) புகுந்து குறுக்கே போனால் தூரம் குறையுமே என்று தோன்றும். இரவில் அதை அறவே தவிர்த்துவிடுங்கள். கிளுவை வேலியைத் தாண்டுவது ஒருபுறம் இருக்க, நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. புல் மூடிய விளிம்பு டார்ச் வெளிச்சத்தில் தரைபோலவே தெரியும். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்காகவே போனில் கடைசிக் கால்பங்கு சார்ஜை வேறெதற்கும் செலவழிக்காதீர்கள். வீட்டு எண்ணையும், வழியில் தெரிந்தவர்கள் இருக்கும் ஊர்களையும் தாளில் எழுதி, பத்தும் ஐம்பதுமாக ஐந்நூறு ரூபாய் சில்லறையோடு பாலித்தீன் உறையில் போட்டுவையுங்கள்.

நடக்கவே கூடாத நேரங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நொய்யல் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். அரை அடி ஆழமே இருந்தாலும் வேகமாக ஓடும் நீர் ஆளைச் சாய்த்துவிடும், ஓரடித் தண்ணீர் சிறிய காரையே நகர்த்திவிடும். அதேபோல, பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் எப்போதாவது வண்டி நின்றால் இந்தப் பையைத் தொடவே வேண்டாம். அது புலிகள் காப்பகம், யானை நடமாடும் வழி. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்து, அடுத்து வரும் வண்டியிடமோ வனத்துறையினரிடமோதான் உதவி கேட்க வேண்டும்.

பையை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் திணிக்காமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.