மோட்டாரில் கூழாங்கல் சத்தம்: குதிரைசக்தியைக் கூட்டாதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கோடையில் தண்ணீர் மோட்டாருக்குக் கீழே 25 அடிக்கு இறங்கினால் மோட்டாரில் கூழாங்கல் உருளும் சத்தம். இம்பெல்லர் (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இலைச் சக்கரம்) அரித்துப்போயிருக்கிறது. உப்புத் தண்ணீர்தான் காரணம், 5 ஹெச்.பி.யை எடுத்துவிட்டு ஏழரை போடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?"

மாற்றாதீர்கள். உப்பு என்றால் உடம்பெங்கும் துரு ஏறும். உங்களுக்கு இம்பெல்லரின் இலை தொடங்கும் இடத்தில் மட்டும் தேன்கூடு போலக் குழி விழுந்திருக்கும், பாருங்கள்.

தண்ணீரை மோட்டார் இழுப்பதில்லை. காற்றின் அழுத்தம்தான் கீழிருந்து தள்ளுகிறது. கணக்குப்படி 34 அடி வரை ஏறும், நடைமுறையில் 20 அடியைத் தாண்டினாலே சிக்கல். இம்பெல்லர் வாயில் அழுத்தம் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழியாகிறது. சற்றுத் தள்ளி அழுத்தம் ஏறியதும் குமிழி நசுங்குகிறது; கூழாங்கல் சத்தம் இதுதான். நடுத்தண்ணீரில் நசுங்கினால் உருண்டையாகவே சுருங்கும். இரும்பை ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் வர வழியில்லை. எதிர்ப்பக்கத் தண்ணீர் ஊசியாகக் குமிழியைத் துளைத்து இரும்பில் குத்தும். கூட்டமாக இருந்தால் இன்னும் மோசம்: வெளிக்குமிழிகள் முதலில் உடைந்து உள்ளே இருப்பவற்றை நெரிக்கும், நடுவில் அடி பலமாக விழும். கப்பல் விசிறிகள் இப்படி அரிபட்டபோதே, 1917-இல், ஆங்கில இயற்பியலாளர் ராலே இந்த நசுங்கலைக் கணக்கிட்டுவிட்டார்.

ஏழரை போட்டால் அதே குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும், வாயில் அழுத்தம் இன்னும் விழும். லாபம் கடைக்காரருக்கும் மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டுபவருக்கும்தான்.

ஒரு விதிவிலக்கு. சத்தம் இருந்து குழி இல்லையென்றால் சக்ஷன் பைப்பில் (தண்ணீர் மோட்டாருக்கு ஏறிவரும் குழாய்) காற்று புகுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள்; உள்ளே இழுபட்டால் ஓட்டை அங்கே. குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வு தண்ணீருக்கு மேலே தெரிந்தாலும் இதே கதை. காற்றுக் குமிழி ஆவி போல மறையாது, மெத்தை மாதிரி அமுங்கும், அதனால் அரிக்காது. டெலிவரியில் (தண்ணீர் வெளியேறும் குழாயில்) வெள்ளையாக நுரைத்து வந்தால் பெரும்பாலும் இதுதான்.

உங்களுக்கு வேண்டியது, கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரைத் தண்ணீரிலிருந்து 15 அடிக்குள் இறக்குவது. மழைக்காலத்தில் மோட்டாரை மேலே தூக்கச் செயின் பிளாக் வையுங்கள். சக்ஷன் பைப்பை ஒரு அளவு பெரிதாக்கி எல்போக்களைக் குறையுங்கள். அதுவரை டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டலாம். சக்ஷன் பக்கம் எதையும் மூடக் கூடாது. அப்புறம் புது இம்பெல்லர். பழையதைக் கடையில் விட்டுவிடாதீர்கள், அடுத்த கோடையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.