95-ம் வருட ஷெவர்லே எஸ்-10 பிக்கப். லீவரை 4 ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டாலும் முன்சக்கரம் இழுப்பதில்லை. எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். இந்த வண்டியில் டிரான்ஸ்பர் கேஸை விட அதிகம் பழுதாவது முன் ஆக்சிலை இணைக்கும் வேக்குவம் (உறிஞ்சு விசை) அமைப்புதான். எது கோளாறு என்று பைசா செலவில்லாமல் பிரித்துப் பார்த்துவிடலாம்.

மண்தரையிலோ பனியிலோ 4 ஹையில் போட்டுக் கொஞ்ச தூரம் நேராக உருட்டுங்கள். கியரை பார்க்கில் வைத்து, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். அப்புறம் கீழே படுத்து டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள். 2 ஹையில் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) தாராளமாகச் சுற்றும் ஷாஃப்ட் இப்போது இறுகி நின்றால் டிரான்ஸ்பர் கேஸ் இணைந்துவிட்டது, அதைக் கழற்ற வேண்டியதில்லை. இப்போதும் தாராளமாகச் சுற்றினால், முதலில் லீவருக்கும் கேஸுக்கும் நடுவே இருக்கும் லிங்கேஜ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேஸுக்குள் இருக்கும் செயின் போயிருந்தால் இழுக்கும்போது டக் டக்கென்று தாவும், அது வேறு கதை.

ஷாஃப்ட் இறுகி நின்றால் ஆக்சில் பக்கம் போகலாம். எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம், டிரான்ஸ்பர் கேஸில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக, பேட்டரி தட்டுக்கு அடியில் இருக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகிறது. அது ஒரு கேபிளை இழுக்க, ஆக்சிலுக்குள் இருக்கும் ஃபோர்க் நகர்ந்து வலது பக்க ஷாஃப்ட்டை இணைக்கும். வேக்குவம் இல்லையென்றால் இணைப்பும் இல்லை. பேட்டரிக்கு அடியில் கொண்டுபோய் ஆக்சுவேட்டரை வைத்த புண்ணியவான் யாரோ! ஆசிட் கசிந்தால் நேராக அதன் மேல்தான் சொட்டும்.

எஞ்சின் ஓட, பிரேக்கை அழுத்தியபடி ஒருவர் உள்ளே இருக்க, வண்டி 4 ஹையில் பார்க்கில் நிற்கட்டும். ஆக்சுவேட்டரில் இருக்கும் ஹோஸைப் பிடுங்கி நுனியில் விரலை வையுங்கள். உறிஞ்சினால் ஹோஸும் சுவிட்சும் சரி. கை வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுங்கள். கேபிள் நகராவிட்டாலோ, முள் இறங்கிக்கொண்டே வந்தாலோ, ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கும் அல்லது கேபிள் துருவேறிச் சிக்கியிருக்கும்.

உறிஞ்சவில்லை என்றால் வெடித்த ரப்பர் ஹோஸைத் தேடுங்கள். ஏசி காற்று முகத்துக்கு வராமல் கண்ணாடிப் பக்கமே போகிறதா? அதுவும் வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது, எனவே கசிவு இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

பிடுங்கிய ஹோஸுக்குள் சிவப்பு எண்ணெய் தெரிந்தால் குற்றவாளி அந்தச் சுவிட்ச். அதன் சீல் போய், டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெய் ஹோஸ் வழியாக ஏறுகிறது. விலை அதிகமில்லாத பாகம்தான். ஆனால் சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். ஹோஸ்களைக் கழற்றி எண்ணெயை ஊதி வெளியேற்றுங்கள், ஊறி உப்பியவற்றை மாற்றுங்கள். கேஸில் எண்ணெய் அளவையும் பார்த்து நிரப்பிவிடுங்கள்.