கோதுமையின் மரபணுக்களும் பூஞ்சை நோய்களும்: கேள்வி பதில்

கோதுமையின் நோய் எதிர்ப்பு மரபணுக்களை ஆராயும் தாவர அறிவியலாளர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: நெல்லின் மரபணுத்தொகுதி 2005ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ முழுமையாக வாசிக்கப்பட்டுவிட்டது. கோதுமைக்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது ஏன்?

பதில்: ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்களின் கலப்பால் உருவானது. ஆகவே அதன் செல்லில் ஏ, பி, டி என மூன்று மரபணுத்தொகுதிகள் உள்ளன. தொகுதிக்கு 7 இணை வீதம் மொத்தம் 42 குரோமோசோம்கள். அளவில் மனித மரபணுத்தொகுதியைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அளவைவிடப் பெரிய தடை வேறொன்று. அதில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி திரும்பத் திரும்ப வரும் வரிசைகளே. மரபணுக்களும் பெரும்பாலும் மும்மூன்று படிகளாக இருப்பதால், வாசித்த துண்டு எந்தக் குரோமோசோமுக்கு உரியது என்று தீர்மானிப்பதே பெரும்பாடாக இருந்தது.

கேள்வி: எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தை விதைத்துவிட்டால் பூஞ்சையால் வரும் துரு நோய்ப் பிரச்சினை தீர்ந்துவிடாதா, ஐயா?

பதில்: சில காலம் தீரும். ரை என்ற தானியப் பயிரிலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்ஆர்31 என்ற மரபணு பல நாடுகளின் ரகங்களில் சேர்க்கப்பட்டு, பல்லாண்டுகள் தண்டுத் துருவைத் தடுத்து நின்றது. 1998இல் உகாண்டாவில் அதையும் மீறிய துரு கண்டறியப்பட்டு, மறு ஆண்டு யூஜி99 என்று பெயர் பெற்றது. இத்தகைய மரபணு உருவாக்கும் புரதம், பூஞ்சை செடிக்குள் செலுத்தும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டதும், தாக்கப்பட்ட செல்லைச் சாகவிட்டு நோயை அங்கேயே முடக்குகிறது. அந்த ஒரு புரதத்தைப் பூஞ்சை இழந்தாலோ மாற்றிக்கொண்டாலோ காவல் பயனற்றுப் போகும். எஸ்ஆர்35 என்ற மற்றோர் எதிர்ப்பு மரபணு அடையாளம் காணும் பூஞ்சைப் புரதம் 2017இல் கண்டறியப்பட்டபோது, அந்த எதிர்ப்பை மீறிய சில துரு வகைகளில் அப்புரதத்துக்கான மரபணுவினுள் நகரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருந்தது தெரியவந்தது. இத்தனை பெரிய எதிர்ப்பு இவ்வளவு சிறிய மாற்றத்தால் தகர்வதால்தான், தனி மரபணுவை மட்டும் நம்பி ரகம் வெளியிடுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: செடிக்கு எதிர்ப்பு இருப்பதை எப்படிச் சோதிக்கிறீர்கள்?

பதில்: முதல் இலை விரிந்த நாற்றுகளின் மேல், மென்மையான கனிம எண்ணெயில் கலந்த துரு வித்துகளைத் தெளித்து, ஓர் இரவு முழுவதும் இருளிலும் ஈரப்பதத்திலும் வைப்போம். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இலையைப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பிடுவோம். வித்துத்தூள் உதிரும் பெரிய கொப்புளங்கள் என்றால் 4. ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் மட்டும் தெரிந்தால் செடி வலுவாக எதிர்த்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலான இலைகளில்தான் கருத்து வேறுபாடு வரும்.

கேள்வி: நீடித்து நிற்கும் எதிர்ப்பே கிடையாதா?

பதில்: உண்டு. எல்ஆர்34 என்ற மரபணு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பயன்பாட்டில் இருந்தும் பலன் தருகிறது. 2009இல் தனித்துப் பிரிக்கப்பட்ட இந்த மரபணு, செல்லின் சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் புரதத்தை உருவாக்குகிறது. தண்டு, இலை, மஞ்சள் என மூன்று வகைத் துருவையும் சாம்பல் நோயையும் இது மந்தப்படுத்துமே தவிர, முற்றிலும் தடுக்காது. வளர்ந்த செடியில்தான் இதன் பயன் வெளிப்படும் என்பதால், மேற்சொன்ன நாற்றுச் சோதனை இதைக் கண்டுகொள்ளாது. இலை நுனி காய்வதே இதற்கு வெளிப்படையான அடையாளம். நோய்ப் புள்ளிகளே இல்லாத வயலை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனாலும் இதனுடன் வேறு சில மரபணுக்களையும் சேர்த்த ரகமே என் தேர்வு.

கேள்வி: பல மரபணுக்களைச் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடாதா?

பதில்: வழக்கமான கலப்பில் பிரியும். ஐந்து எதிர்ப்பு மரபணுக்களை ஒரே தொடராகப் பிணைத்துக் கோதுமையில் செலுத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது; அவை ஒன்றாகவே மரபுவழிச் செல்லும்.

கேள்வி: கோதுமைக் குலைநோயையும் இதே முறையில் எதிர்க்கலாமா?

பதில்: 1985இல் பிரேசிலில் தோன்றி, 2016இல் வங்கதேசத்தை எட்டிய இந்நோய் கதிரின் காம்பைத் தாக்கினால், அதற்கு மேலுள்ள பகுதி வெளிறி, மணி சூம்பிவிடும். அறிகுறி தெரிந்த பின் மருந்து தெளித்துப் பெரும் பயனில்லை. காட்டுப் புல்லொன்றிலிருந்து பெற்ற 2என்எஸ் என்ற குரோமோசோம் துண்டையே ரகங்கள் பெரிதும் சார்ந்திருக்கின்றன. தென் அமெரிக்காவில் அதை மீறும் வகைகள் ஏற்கெனவே தோன்றிவிட்டன. இப்போது கவனம் பெறுவது ஆர்எம்ஜி8 மரபணு. சாம்பல் நோய்க்கு எதிராக முன்பே அறியப்பட்ட பிஎம்4 மரபணுவின் ஒரு வடிவமே அது என்று 2024இல் தெரியவந்ததால், சாம்பல் நோய்க்காகச் சேர்த்து வைத்த கலப்பின விதைகளை இப்போது குலைநோய்க்கும் சோதித்துப் பார்க்க முடிகிறது.