புத்தகமும் பூனையும் பிள்ளையும் ஒரே வீட்டில்: நூலகர் பதில்கள்

பொது நூலகத்தில் புத்தகப் பராமரிப்புப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் ஒரு நாய், பூனைகள், வந்து போகும் பேரப்பிள்ளைகள், சுவர் நிறையப் புத்தகம். இவை எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும் வீட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். உடம்புக்கு வந்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள், அது மனிதராக இருந்தாலும் சரி, பிராணியாக இருந்தாலும் சரி.

வேளச்சேரி: மேடம், அலமாரியில் இராமபாணப் பூச்சி தொல்லை. தட்டுக்கு நாலு அந்துருண்டை போட்டும் போகவில்லை. இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போடலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு.

பதில்: இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன் எழுந்து போய் அந்த உருண்டைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

அந்துருண்டை உருகாமல் நேராக ஆவியாகும் பொருள். நீங்கள் போட்ட உருண்டை சிறுத்துக்கொண்டே போகிறது என்றால், போன பங்கு உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. தவழும் குழந்தைக்கு அது வெள்ளை மிட்டாய் மாதிரிதான் தெரியும், வாயில் போட்டுவிடும். பூனையின் நிலைமை இன்னும் மோசம். இப்படிப்பட்ட பொருள்களைப் பிரித்து வெளியேற்றும் சக்தி அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

இனி பூச்சிக்கு வருவோம். இராமபாணம் வருவது ஈரத்துக்காகவும் மாவுப் பசைக்காகவும். சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. ஆகவே அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். குளியலறைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். புத்தகங்களை நெருக்கிச் செருகாமல், விரல் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு தட்டையாவது முழுவதும் இறக்கி, காய்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்று படும்படி வைத்து, திரும்ப அடுக்குங்கள். பூச்சிக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். அடிக்கடி கை படும் அலமாரியில் அது தங்காது.

ஏற்கெனவே பூச்சி ஏறிய புத்தகத்துக்கு ஃப்ரீசர் வைத்தியம் உண்டு. இரண்டு பிளாஸ்டிக் கவர்களில், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை டேப் போட்டு ஒட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போகாது. வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அப்போதுதான் வியர்க்கும் நீர் கவரின் மேல் படியும், தாளில் படியாது. அவசரப்பட்டுப் பிரித்தால் பூச்சியை ஒழித்துப் பூஞ்சையை வரவழைத்த கதைதான்.

மதுரை: எங்கள் நாய்க்குட்டி செருப்பைத் தொடுவதில்லை. புத்தகத்தின் முதுகை மட்டும் தேடித் தேடிக் கடிக்கிறது. ஏன்?

பதில்: பசைதான் காரணமாக இருக்கும். பைண்டிங் கடைகளில் மைதாப் பசை காய்ச்சுவார்கள். பழைய பைண்டிங்கில் வச்சிரம் போட்டிருப்பார்கள், அது மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்தது. நமக்கு வாடை தெரியாது, நாய்க்குத் தெரியும். மூன்று மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும் பருவம் என்பதால் ஈறு அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது நம் பைண்டர்களின் பழைய வழக்கம். அது விஷம். குட்டி முதுகைத் தின்றுவிட்டு நீலமாகவோ பச்சையாகவோ வாந்தி எடுத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பல் மாறி முடியும் வரை கீழ் இரண்டு தட்டுகளில் பைண்டு செய்த புத்தகம் வைக்காதீர்கள். கடிக்க ஒரு ரப்பர் எலும்போ, முடிச்சுப் போட்ட கயிறோ எப்போதும் தரையில் கிடக்கட்டும்.

திருச்சி: என் மூன்று வயது மகள் தினமும் ஒரே கதைப் புத்தகத்தைத்தான் படிக்கச் சொல்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது. புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா?

பதில்: ஒளிக்காதீர்கள். முதல் முறை கேட்கும்போது அவள் கதையைப் பிடிக்கிறாள். அடுத்தடுத்த முறைகளில்தான் சொற்களைப் பிடிக்கிறாள். அடுத்து என்ன வரும் என்று தனக்குத் தெரியும் என்பதே அந்த வயதில் பெரிய சந்தோஷம். ஒரு வரியில் பாதியில் நிறுத்திப் பாருங்கள், மீதியை அவள் சொல்வாள். நீங்கள் ஒரு சொல்லை மாற்றினால் திருத்துவாள். இரண்டாவதாக ஒரு புதுப் புத்தகத்தைக் கூடவே வையுங்கள், கட்டாயப்படுத்தாமல்.

சேலம்: கிழிந்த பக்கங்களை செல்லோடேப் போட்டு ஒட்டுகிறேன். பழுப்பாகிவிடுகிறது. நல்ல டேப் எது?

பதில்: புத்தகத்துக்கு நல்ல செல்லோடேப் கிடையாது. அதன் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகும், மேலே உள்ள படலம் உரிந்துவிடும், கறை மட்டும் நிற்கும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து, நீர்க்கக் காய்ச்சிய மாவுப் பசையை லேசாகத் தொட்டு ஒட்டி, மேலே கனமான எதையாவது வையுங்கள்.

சிவகாசி: ஒரே ஒரு அந்துருண்டையைத் துணியில் முடிந்து மேல் தட்டில் வைக்கலாமா? குழந்தைக்கு எட்டாது.

பதில்: வேண்டாம். குழந்தையின் கைக்கு எட்டாது, மூக்குக்கு எட்டும். பூனைக்கு மேல் தட்டு கீழ்த் தட்டு எல்லாம் ஒன்றுதான்.

தஞ்சாவூர்: அப்பா வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்தது ஒரு பீரோ நிறைய இருக்கிறது. மற்ற புத்தகங்களும் அதே அறையில். என் பிள்ளைகளையும் நாயையும் அந்த அறைக்குள் விடுவதில்லை, பூட்டி வைக்கிறேன். அண்ணி என்னைத் திட்டுகிறார். நான் செய்வது சரிதானே அம்மா?

பதில்: பாதி சரி. அந்த பைண்டு தொகுப்புகள் அருமையானவை. அந்தக் கதைகள் பிறகு புத்தகமாக வந்திருக்கலாம். ஆனால் வாரா வாரம் வந்த ஓவியங்கள், ஓரத்தில் வந்த துணுக்குகள், பின்பக்க விளம்பரங்கள் எதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. மரக்கூழில் செய்த மலிவான தாள் என்பதால் அதிலுள்ள அமிலமே அதை மஞ்சளாக்கி, விளிம்பைப் பொடியாக்கும். அவற்றை நாயிடமிருந்தும் சின்னக் கைகளிடமிருந்தும் காப்பது நியாயம்.

மற்ற புத்தகங்களை ஏன் பூட்டுகிறீர்கள்? உங்கள் பக்கத்துச் சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். நூலகவியலுக்கு அவர் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். அதிலிருந்து வெளியே வர எத்தனையோ தலைமுறை ஆனது. நீங்கள் உங்கள் வீட்டுக்குள் சங்கிலியைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள்.

கும்பகோணம்: குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நூல்கள் பயன்பாட்டுக்கு என்றால் அந்தத் தொடர்கதைத் தொகுப்பும் பயன்பாட்டுக்குத்தானே? அதற்கு மட்டும் ஏன் பூட்டு?

பதில்: நல்ல கேள்வி. கடையில் இன்னொன்று வாங்க முடியும் என்றால் அது படிக்கிற பிரதி. வாங்க முடியாது என்றால் அது காக்கிற பிரதி. காக்கிற பிரதியையும் பயன்படுத்தலாம், படம் எடுத்து. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்தவை, 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாயின. இன்று ஆய்வாளர்கள் அதை நம்பி வேலை செய்கிறார்கள். ஒரு வீட்டு பீரோ எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதுவே போதும்.

தஞ்சாவூர்: ஸ்கேன் எடுத்தால் முதுகு உடையுமே. மற்ற புத்தகங்களைப் பிள்ளைகள் கிழித்தால் யார் பொறுப்பு? என் கோபம் உங்களுக்குப் புரியவில்லை.

பதில்: புரிகிறது தம்பி, அப்பாவின் கை பட்ட பொருள். ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்காதீர்கள். இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பாதி மட்டும் திறந்து, மேலிருந்து செல்பேசியில் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

பிள்ளைகள் கிழிப்பார்கள்தான். இரண்டு வயதுக் கைக்குத் தாளைத் திருப்பும் பலம் உண்டு, அளவு தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, மேல் மூலையைப் பிடித்து எப்படித் திருப்புவது என்று காட்டினால் பழகிவிடும். பூட்டிய அறையில் இருக்கும் புத்தகத்தைத் திருப்ப எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளாது.

ஈரோடு: நான் தஞ்சாவூர்க்காரர் பக்கம். என் புத்தகத்தில் பிள்ளை கிரேயான்ஸால் கிறுக்கி வைத்ததைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பதில்: எனக்கும் எரியும். அதற்குத்தான் அவர்களுக்கென்று கீழே தனித் தட்டு, கிறுக்கத் தனி நோட்டு. எந்தத் தட்டு யாருடையது என்று மூன்று வயதில் நன்றாகவே தெரியும்.

காரைக்குடி: எங்கள் ஊரில் பெரிய வீடுகளிலிருந்து புத்தகங்கள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் தாத்தாக்கள் பூட்டி வைத்தவை. பேரன்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

பதில்: நான் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கரையானைவிட அதிகப் புத்தகத்தைத் தின்பது, அதைத் தொட்டே பார்க்காத வாரிசுதான். தஞ்சாவூர்த் தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நாயை வெளியே கட்டிவிட்டு, பிள்ளைகளின் கையைக் கழுவச் சொல்லி, நீங்களே ஒரு தொகுப்பை மேசையில் விரித்துப் படங்களைக் காட்டுங்கள். தாத்தா இதை எப்படிச் சேர்த்தார் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த பீரோவைக் காக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இதிலேயே நிறைய நேரம் போய்விட்டது. மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாகர்கோவில்: மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பூனையை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் பெரியவர்கள்.

பதில்: உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். பயப்படும் கிருமி பூனையின் மலத்தில் வருவது. வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும். ஆகவே மணல் தட்டை நீங்கள் தினமும் சுத்தம் செய்யுங்கள், மனைவி தொட வேண்டாம். சரியாக வேகாத இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் அதே ஆபத்து உண்டு. பூனையைத் தெருவில் விட அவசியம் இல்லை.

கோவை: அந்துருண்டை வேண்டாம் என்கிறீர்கள், கற்பூரம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். குழந்தை விழுங்கினால் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம்.

விழுப்புரம்: வசம்பு?

பதில்: ஓலைச்சுவடிக் கட்டுகளில் வைத்த பொருள்தான். துணியில் கட்டி, குழந்தையும் நாயும் தொடாத இடத்தில் வையுங்கள். துடைக்கிற வேலையை அது உங்களுக்காகச் செய்யாது.

பெரம்பூர்: தெருப் பூனை பையனைப் பிறாண்டிவிட்டது, லேசாக ரத்தம். மஞ்சள் வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது. இப்போதே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் வரும். வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. தடுப்பூசி போட்டால் வராது.

புதுச்சேரி: ஆண் பூனை புத்தக அடுக்கின் மேல் சிறுநீர் தெளிக்கிறது. ஃபினாயில் போட்டுக் கழுவுகிறோம், நாற்றம் போகவில்லை.

பதில்: ஃபினாயில் பூனைக்கு விஷம், உடனே நிறுத்துங்கள். கருத்தடை செய்யாத ஆண் பூனை தெளிக்கத்தான் செய்யும், அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். நனைந்த புத்தகத்தை ஒற்றி எடுத்து, பக்கங்களுக்கு நடுவே மை அச்சிடாத வெள்ளைத் தாள் வைத்து நிழலில் காற்றாட உலர்த்துங்கள். நன்றாக உலர்ந்த பின் ஒரு மூடிய பெட்டிக்குள் பயன்படுத்தாத பூனை மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு அட்டையை வைத்து, புத்தகத்தை விரித்து நிறுத்துங்கள். சில வாரங்களில் வாடை பெரும்பாலும் போய்விடும்.

திருநெல்வேலி: எட்டு வயதுப் பையன் சத்தமாகப் படிக்க வெட்கப்படுகிறான். வகுப்பில் திக்குகிறான்.

பதில்: நாய் இருக்கிறதா? அதனிடம் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999இலேயே, பிள்ளைகள் பழக்கிய நாய்களுக்குப் படித்துக் காட்டும் திட்டத்தை நூலகத்தில் தொடங்கினார்கள். நாய் திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது. நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். திக்கல் தொடர்ந்தால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

தாம்பரம்: அந்துருண்டைக்குப் பதில் சந்தையில் வரும் வாசனை வில்லைகள்…

பதில்: மேலே மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன். வாசனையால் பூச்சியை விரட்டப் பார்க்காதீர்கள். இறக்குங்கள், துடையுங்கள், அடுக்குங்கள்.

ஓசூர்: வாடகை வீடு. புது அலமாரி வாங்கப் போகிறோம். குழந்தை இப்போதுதான் பிடித்து நிற்க ஆரம்பித்திருக்கிறாள். உரிமையாளர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்.

பதில்: உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் வைக்கவே கூடாது. பிள்ளை தட்டைப் படியாக நினைத்து ஏறும், பூனை மேலிருந்து குதிக்கும், அப்படியே சாய்ந்து விழும். உரிமையாளரிடம் இரண்டு ஓட்டைக்கு அனுமதி கேளுங்கள், காலி செய்யும்போது அடைத்துத் தருவதாகச் சொல்லுங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத, அகலமான அலமாரியாக வாங்குங்கள். கனமான புத்தகங்கள் கீழே, கீழ்த் தட்டு தரையிலிருந்து நாலு அங்குலமாவது தூக்கலாக.