ஃபார்முலா என்னுடையது, பாட்டில் அவருடையது

கேள்வி: நான் ஒரு தனியார் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பத் துறை உதவிப் பேராசிரியர். எங்கள் ஹாக்கி அணிக்காக உப்பு, சர்க்கரை, பொட்டாசியம், எலுமிச்சை சேர்த்து ஒரு பானம் உருவாக்கினேன். கல்லூரி ஆய்வகத்தில்தான் செய்தேன். ஆனால் வேலை நேரம் முடிந்த பிறகு, என் சொந்தச் செலவில். பின்பு அளவுகள் எழுதிய தாளை ஒரு பாட்டிலிங் ஆலைக்காரரிடம் கொடுத்து, பெயரில் 'ஓஆர்எஸ்' (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயர்) என்று சேர்த்து, ஆறு மாதம் விற்றேன். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. இப்போது அவர் அதே பானத்தை வேறு லேபிளில் விற்கிறார். கல்லூரி நிர்வாகமோ 'அது எங்கள் சொத்து' என்கிறது. காப்புரிமை எடுத்தால் இருவரையும் தடுக்க முடியுமா?

பதில்: முடியாது. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(இ)-யைப் படித்துப் பாருங்கள். பல பொருள்களைக் கலந்ததில் அவற்றின் குணங்கள் ஒன்றுசேர்ந்தது மட்டும்தான் நடந்திருக்கிறது என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. உப்பு உப்பின் வேலையையும் சர்க்கரை சர்க்கரையின் வேலையையும் செய்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்தது. சேர்ந்ததால் தனியாக ஒரு கூடுதல் பலன் கிடைத்தது என்று சோதனை முடிவுகளோடு காட்ட வேண்டும். போதாக்குறைக்கு ஆறு மாதம் விற்றும்விட்டீர்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது என்ற எதிர்ப்பு நிச்சயம் வரும். விண்ணப்பித்த 18 மாதத்தில் அது பொதுவில் வெளியாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். உரிமையும் கிடைக்காமல் ரகசியமும் போய்விடும்.

சரி, கல்லூரி விஷயத்துக்கு வருவோம். உங்கள் நிலைமை புதிதல்ல. 1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர் டுவைன் டக்ளஸ், அங்கிருந்த சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் கேட்டார்: ஆட்டத்தின்போது பையன்களுக்கு ஏன் ஒன்றுக்கே வருவதில்லை? எல்லாம் வியர்வையாகப் போய்க்கொண்டிருந்தது. கேடும் சகாக்களும் தண்ணீர், உப்பு, சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பேட் கலந்து ஒரு பானம் செய்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னது கேடின் மனைவி மேரி. 'கேட்டர்ஸ்' என்ற அணியின் பெயரையொட்டி அது 'கேட்டரேட்' ஆனது. 1967-ல் ஸ்டோக்லி-வான் கேம்ப் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனது.

பணம் வரத் தொடங்கியதும் பல்கலைக்கழகம் பங்கு கேட்டது. ஆராய்ச்சி மானியம் எங்களுடையது என்று மத்திய அரசும் வந்தது. கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் நான் கையெழுத்தே போடவில்லை என்பது கேடின் பக்க வாதம். 1970-களின் தொடக்கத்தில் சமரசம் ஆனது. ராயல்டியில் 20 சதவீதம் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

அந்தத் தீர்வு உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்வி அதேதான்: நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்? ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்கு என்று நம் காப்புரிமைச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை. வேலை ஒப்பந்தம்தான் பேசும். நியமன ஆணை, பணி விதிகள், கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கை மூன்றையும் எடுத்து வையுங்கள். அவற்றில் ஒன்றும் இல்லை என்றால் உங்கள் கை ஓங்கும். அப்போதும், 'ஆய்வு செய்வதே உன் வேலை, இடமும் கருவியும் எங்களுடையவை' என்று அவர்கள் வாதிடலாம். அதனால் மூலப்பொருள் வாங்கிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சதவீதம் பேசி முடிப்பதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆலைக்காரர் மீதான வழக்குதான் உங்களுக்கு வலுவானது. வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் நம்பிக் கொடுத்த ரகசியத்தைக் கொடுத்தவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பதை நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் மட்டும் அது அடிபட்டுப் போகாது. அவர் ஏதாவது ஒரு கடையில் உங்கள் பாட்டில் ஒன்றை வாங்கி, ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் தாளைப் பார்த்துத்தான் செய்தார் என்று காட்ட வேண்டும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உங்கள் தாளில் சிட்ரிக் அமிலத்தின் அளவை ஒரு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். அவருடைய ஆலை பேட்ச் சீட்டில் (ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் அளவுகளை எழுதும் தாள்), நீங்கள் அடித்துவிட்ட அந்தப் பழைய எண் முதலில் எழுதப்பட்டு, பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. நூறு சாட்சியைவிட எனக்கு அந்தத் திருத்தம் பிடித்திருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-ன்படி சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்யலாம். நோட்டீஸ், அதன்பின் இடைக்காலத் தடை கேட்டு வழக்கு. தாமதித்தால் 'இத்தனை நாள் சும்மா இருந்தீர்களே' என்று நீதிமன்றமே கேட்கும்.

அப்புறம், பெயர். கேட்டரேட்டில் 1969-ல், அமெரிக்காவில் சைக்லமேட் தடையானதும், அந்த இனிப்புப் பொருள் போனது. புரோமின் சேர்த்த தாவர எண்ணெயை எடுப்பதாக 2013-ல் அறிவித்தார்கள். 1983-ல் குவேக்கர் ஓட்ஸ், 2001-ல் பெப்சிகோ என்று முதலாளிகளும் மாறினார்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றது. எனவே வணிகச் சின்னத்துக்கு, பானங்களுக்கான 32-ம் வகுப்பில் விண்ணப்பியுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் 'ஓஆர்எஸ்' என்ற எழுத்துகளை எடுத்துவிட்டு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான்; விளையாட்டுப் பானங்களில் சர்க்கரை 60 கிராமை நெருங்கும். அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் அந்தச் சொல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப்போவது உங்கள் லேபிளைத்தான். மீதமுள்ள பாட்டில்களை விற்பதை இன்றே நிறுத்துங்கள். நோட்டீஸ் அதற்குப் பிறகு போகட்டும்.